ஏழாவது ஜூரி

பெட்டிக்குள் கைவிட்டுக் கோர்ட்டுக் குமாஸ்தா எடுத்த ஏழாவது சீட்டில் அஹமது கபீரின் பெயர் இருந்தது. அந்த வெள்ளைக்காரரின் வாயில் அது வேறு யாருடைய பெயரையோ போல ஒலித்தாலும், கூப்பிடுவது தன்னைத்தான் என்று புரிந்து அவர் எழுந்தார். சுவரோரப் பெஞ்சுகளில் காத்திருந்த முப்பது பேரில் ஆறு பேர் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு வெள்ளைக்காரர்கள், தந்தி ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு யூரேசியர், இங்கேயே பிறந்து வளர்ந்த லிம் என்ற பாபா சீனர். ஓரத்து நாற்காலி ஒன்று மிஞ்சியிருந்தது. கறுப்புக் கோட்டின் பித்தானைச் சரிபார்த்து, துருக்கித் தொப்பியை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு அதில் போய் உட்கார்ந்தார். காலையில் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். குர்ஆனைக் கையில் கொடுத்தார்கள். சாட்சியத்தை வைத்து உண்மையான தீர்ப்புச் சொல்வேன் என்று ஆங்கிலத்தில் சத்தியம் செய்தார். குரல் நடுங்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு சின்னத் திருப்தி.

நாகூரிலிருந்து வந்த மரைக்காயரான தகப்பனாருக்குச் சிங்கப்பூரிலேயே பிறந்தவர் அவர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் படித்து, கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பத்தெட்டு வயதில் தலைமை எழுத்தராகியிருந்தார். ஜூரிப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது என்று கடிதம் வந்தபோது அவர் குடியிருந்த சுண்ணாம்புக் கம்பத்தில் நாலு பேர் வீடு தேடி வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். ஆபீஸ் மேனேஜர் துரையும் கைகொடுத்தார். பிறகு, சொல்வதற்கு ஒன்றுமில்லாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒன்று சொன்னார். "கிளப்பில் ஒரே பேச்சு, கபீர். உள்ளூர் ஆட்களை ஜூரியில் வைத்தால் சொந்த ஜனங்களை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், சட்டம் கெட்டுப்போகும் என்கிறார்கள். நான் உன்னைப் பற்றி அப்படி நினைக்கவில்லை." அந்தக் கடைசி வாக்கியம்தான் கபீரை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

கூண்டில் நின்றவள் முத்தாயி. முப்பது வயதிருக்கும். மாட்டுக் கொட்டகைகளில் பால் கறப்பவள். முனிசிபல் ரோடு வேலைக்காரனான தன் புருஷன் சன்னாசிக்கு ஊமத்தை கலந்த கஷாயம் கொடுத்துக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. கபீர் அவளைப் பார்த்தார். எண்ணெய் காணாத தலை. சிறையில் கொடுத்த முரட்டுச் சேலை. கூண்டின் கம்பியை இடது கையால் பிடித்திருந்தாள். வலது கை முழங்கையில் மடங்கியபடியே இருந்தது, நேராக நீளவில்லை. அதற்குக் காரணம் என்ன என்பதைச் சர்க்கார் வக்கீல் முதல் கால்மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார். சாவுக்கு இருபது நாள் முன்னால் சன்னாசி விறகுக்கட்டையால் அடித்து எலும்பை உடைத்திருக்கிறான். "ஆகவே, கனவான்களே, இவளுக்குக் காரணம் இருந்தது" என்றார் வக்கீல். பட்ட அடியே பட்டவளுக்கு எதிராகத் திரும்பி நின்றது. அரசாங்கம் அவளுக்கு அமர்த்திக்கொடுத்திருந்த இளம் வக்கீல் அதை மறுக்கவில்லை. எப்படி மறுப்பது? கை எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் இருந்தது.

ரசாயனப் பரிசோதகர் வந்தார். இறந்தவனின் வயிற்றில் ஊமத்தை விஷம் இருந்தது, இரண்டு மூன்று பேருக்குப் போதுமான அளவு என்றார். அடுத்தது கண்மணி. முத்தாயியின் பக்கத்து அறைக்காரி, அதே கொட்டகையில் வேலை செய்பவள். பொய் சொல்ல வந்தவளாகத் தெரியவில்லை. பயந்திருந்தாள். சாட்சிக் கூண்டின் விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே பேசினாள். அவள் பேசப் பேச, கீழே நின்றிருந்த துபாஷி பரமசிவம் பிள்ளை அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக அதே இடத்தில் நின்று அதே வேலை செய்பவர். வெள்ளைத் தலைப்பாகை, மடித்துப்போட்ட அங்கவஸ்திரம், மூக்குக்கண்ணாடி. அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிசிறு இருக்காது.

"சன்னாசிக்கு இளுப்பு உண்டுங்க. ஊமத்த எலயக் காயவெச்சு சுருட்டிப் பொகைய இளுப்பாரு. அது எல்லாருக்கும் தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் சத்தங் கேட்டு ஓடுனேன். அந்தாளு கண்ணெல்லாம் அகலமாப் போயி, சுவரப் புடிச்சுப் புடிச்சு யாரு யாரையோ கூப்புட்டுக்கிட்டு இருந்தாரு. பொறவு அடங்கிட்டாரு. இவ மாருல அடிச்சுக்கிட்டு விளுந்து அளுதா."

"என்ன சொல்லி அழுதாள்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"'பாவி, நானே குடுத்துக் கொன்னுட்டேனே'ன்னு அளுதா."

கபீருடைய தலை சட்டென்று நிமிர்ந்தது. பரமசிவம் பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "மார்பில் அடித்துக்கொண்டு, 'நான் பாவி, நானே கொடுத்து அவரைக் கொன்றேன்' என்று சொன்னாள்" என்று ஆங்கிலத்தில் வந்தது. பிறகுதான் மற்ற ஆறு தலைகளும் நிமிர்ந்தன. நீதிபதியின் பேனா நின்று, மறுபடி ஓடியது. சர்க்கார் வக்கீல் அவசரப்படவில்லை. நானே கொடுத்து. அவரைக் கொன்றேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து ஜூரியின் முன்னால் வைத்தார்.

சொல் சரிதான். எந்தச் சொல்லையும் பிள்ளை மாற்றவில்லை. ஆனால் கண்மணியின் வாயில் வந்தது ஒன்று, ஆங்கிலத்தில் போய் நின்றது இன்னொன்று. கடைசியில் இழுபட்ட அந்த ஏகாரம் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சாவு வீட்டில் எத்தனை பெண்கள் அப்படி அழுது அவர் கேட்டிருக்கிறார். காய்ச்சலில் போனவனுக்கும், கப்பலில் விழுந்து போனவனுக்கும், எண்பது வயதில் தூக்கத்தில் போனவனுக்கும் அப்படித்தான் அழுதார்கள். நானே அனுப்பிவைத்தேனே, நானே தூக்கிக் கொடுத்தேனே, நானே கொன்னுட்டேனே. இதை யாராவது கேட்க வேண்டும் என்று இளம் வக்கீலைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் குறித்துக்கொண்டிருந்ததும் பிள்ளையின் ஆங்கிலத்தைத்தான். ஜூரியில் இருப்பவர் கேள்வி கேட்கலாம், எழுந்து நின்று நீதிபதியிடம் சொன்னால் போதும். கபீரின் கை தொடையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பியது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற மேனேஜர் துரையின் முதுகு நினைவுக்கு வந்தது. கை பழையபடி தொடையில் படுத்துக்கொண்டது.

ஆனால் ஒருத்தி பார்த்துவிட்டாள். தமிழில் பேச்சு வந்தவுடன், ஆங்கிலம் வருவதற்கு முன்னாலேயே ஒரு முகம் மட்டும் அசைவதை முத்தாயி கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. நீதிபதி கேட்டாலும் வக்கீல் கேட்டாலும் அந்த ஓரத்து நாற்காலியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"மூணு நாளா மளங்க. எல காயல. பச்ச எலயில பொக வராது. இவுகளுக்கு மூச்சு முட்டுது. கொதிக்கவெச்சுக் குடுத்தாலும் கேக்கும்னு நெனச்சுக் குடுத்துட்டேன். அவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

"அது விஷம் என்று உனக்குத் தெரியாதா?" என்றார் சர்க்கார் வக்கீல்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. மடங்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டாள். "பொக புடிச்சா ஒண்ணும் ஆவலியேங்க" என்றாள் பிறகு.

அந்த இடைவெளியைக் கபீர் கவனித்தார். கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. ஏனென்றால் கண்மணி குறுக்கு விசாரணையில் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். ஊமத்தைச் செடியில் மாடுகூட வாய் வைக்காது, கொட்டகையில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும் என்று. மாட்டோடு மாடாக வாழ்பவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தால்தான் என்ன, மூச்சு முட்டுகிறவனை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் யாருக்கு யோசனை ஓடும்? அவருக்கே ஒரு பக்கமும் நிலைகொள்ளவில்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அந்த அழுகை ஒப்புதல் வாக்குமூலம் அல்ல.

மூன்று மணிக்கு ஜூரியை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆறும், ஆற்றை அடைத்துக்கொண்டு சாமான் ஏற்றும் தொங்கான் படகுகளும். ஜூரித் தலைவர் ஹார்க்னஸ், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர், நரைத்த மீசை வைத்தவர். சுங்கானில் புகையிலையை அடைத்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கேட்டார். நான்கு வெள்ளைக்காரர்களும் கொலை என்றார்கள். யூரேசியர் இன்னும் முடிவு செய்யவில்லை என்றார். லிம், "அவள் கையைப் பார்த்தீர்களா? எனக்குத் தூக்கில் போட மனம் வரவில்லை" என்றார். கடைசியாகக் கபீர்.

மேஜை மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். அந்த வார்த்தைகள் எங்கள் பெண்கள் சாவில் அழும் வார்த்தைகள். அதற்கு அர்த்தம், நான் காப்பாற்றாமல் விட்டுவிட்டேன் என்பது. நான் இருந்தும் போய்விட்டாரே என்பது. அது செய்தி இல்லை, துக்கம். சொல்லச் சொல்ல, தன் ஆங்கிலம் இந்த இடத்துக்குப் போதவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. இருபது வருஷமாகக் கப்பல் சாமான்களைப் பற்றி எழுதிய ஆங்கிலம் அது.

கப்பல் ஏஜெண்டான இளைஞன் ஒருவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, "கிளப்பில் சொன்னது இதைத்தான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தான். கேட்க வேண்டும் என்றே முணுமுணுத்தது போல இருந்தது. ஹார்க்னஸ் அவனை ஒரு பார்வை பார்த்து அடக்கினார். நல்ல மனிதர். "இது முக்கியமான விஷயம், நாமாகத் தீர்மானிக்கக் கூடாது" என்று சொல்லி ஒரு காகிதத்தில் எழுதி நீதிபதிக்கு அனுப்பினார். எல்லாரையும் மறுபடி கோர்ட்டுக்குள் கூட்டிப்போனார்கள்.

நீதிபதி காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுத் துபாஷியை அழைத்தார். "சாட்சி சொன்ன அந்த வார்த்தைகளை நீர் மொழிபெயர்த்தது சரிதானா?"

"சொல்லுக்குச் சொல் சரி, பிரபுவே."

"அந்தச் சொற்களுக்கு வேறு அர்த்தம் உண்டா?"

பரமசிவம் பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அங்கவஸ்திரத்தின் முனையால் துடைத்தார். கபீர் அவரைப் பார்த்தார். ஒரே தெருவில் இருபது வருஷம் பார்த்துப் பழகிய மனிதர். பிள்ளையின் சம்சாரம் பேதியில் போன அன்று கபீர் வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே பெண்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்று இருவருக்கும் தெரியும். பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"சொற்களுக்கு வேறு அர்த்தம் இல்லை, பிரபுவே."

நீதிபதி ஜூரிப் பக்கம் திரும்பினார். சாட்சியம் என்பது பிரமாணம் செய்த துபாஷி ஆங்கிலத்தில் தருவதுதான் என்றார். ஜூரியில் ஒருவருக்கு அந்த மொழி தெரிந்திருக்கலாம், தெரிந்ததை அவர் ஒதுக்கிவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்க வேண்டும், ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். கபீருக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே சாட்சியம் இருக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. தெரிந்ததை எப்படித் தெரியாமல் ஆக்கிக்கொள்வது என்பதற்குத்தான் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மறுபடி அறை. ஜன்னலுக்கு வெளியே மறுபடி அதே ஆறு. இளைஞன் கடிகாரத்தைப் பார்த்தான். "அவ்வளவுதானே?" என்றான்.

அப்போதுதான் கபீர் அதைச் சொன்னார். சொல்லப்போகிறோம் என்று ஒரு கணம் முன்வரைக்கும் அவருக்கே தெரியாது. "என் மனைவி" என்று ஆரம்பித்தார். "எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. மைமூன். எட்டு மாதம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனாள். நான் ஆபீசிலிருந்து வந்தபோது முடிந்துவிட்டிருந்தது. என் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இதே வார்த்தையைச் சொல்லித்தான் அழுதாள். நானே கொன்றுவிட்டேனே என்று. இதே வார்த்தை. தெருவே கேட்டது. போலீசைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை."

அந்த இளைஞன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். ஹார்க்னஸ் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். மிக மெதுவாக, மன்னிப்புக் கேட்பவர் போல, "வருத்தப்படுகிறேன், மிஸ்டர் கபீர்" என்றார். பிறகு, "கேட்பது தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்கள் மனைவி குழந்தைக்கு ஏதாவது கொடுத்திருந்தாரா?" என்றார்.

கபீர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார். தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று காலை குழந்தைக்கு உடம்பு கொதித்தது, அவர் ஆபீசுக்குப் போனார். மாலை வந்தார். இடையில் ஒரு முழுப் பகல் இருந்தது. அந்தப் பகலைப் பற்றி ஆறு வருஷத்தில் ஒரு தரமும் அவர் கேட்டதில்லை. துக்கத்தில் இருப்பவளைக் கேட்கக் கூடாது என்று விட்டார். பிறகு, ஆறிக்கொண்டிருக்கிறது, கிளறக் கூடாது என்று விட்டார். அதற்குப் பிறகு, கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது.

"தெரியாது" என்றார்.

யாரும் அதைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பேச்சில் எடை இல்லாமல் போயிற்று. மற்றவர்களுக்கு எப்படியோ, அவருக்கே அப்படித் தோன்றியது. ஹார்க்னஸ்தான் வழி சொன்னார். கொலை என்பதில் நாலு பேர், அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மூன்று பேர். இப்படியே நின்றால் நீதிபதி நம்மைக் கலைத்துவிடுவார், அடுத்த தடவை வேறு ஏழு பேர் வருவார்கள், அதில் உங்கள் மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் போகலாம். கொலை வேண்டாம், அதற்குக் கீழே உள்ள குற்றம் என்று எல்லாரும் சேர்ந்து சொல்லிவிட்டால் கயிறு இல்லை. உயிர் மிஞ்சும். லிம் உடனே தலையாட்டினார். யூரேசியரும். கொலை என்றவர்களில் இருவர் கொஞ்சம் இழுத்துப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். எல்லாரும் கபீரைப் பார்த்தார்கள். அவள் குற்றமே செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அவர் தலையாட்டினார்.

பத்து வருஷக் கடுங்காவல். நீதிபதி சொல்லி முடித்ததைப் பிள்ளை தமிழில் சொன்னார். முத்தாயி அழவில்லை. அவளுக்குத் தூக்கு என்று சிறையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பத்து வருஷம் என்றால் என்னவென்று கணக்குப் போடுகிறவள் போல நின்றாள். பிறகு ஓரத்து நாற்காலியைப் பார்த்து நேராகக் கேட்டாள்.

"அய்யா, நீங்க நம்ம பாஷதான? நான் சொன்னது அவுகளுக்கு வெளங்கலியா?"

காவலன் அவள் தோளைத் தொட்டான். நீதிபதி கையை உயர்த்தி அவனை நிறுத்தி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "தான் சொன்னது கோர்ட்டாருக்குப் புரிந்ததா என்று கேட்கிறாள், பிரபுவே" என்றார் பிள்ளை.

"முழுவதும் புரிந்தது என்று சொல்லும்."

பிள்ளை அவள் பக்கம் திரும்பினார். "எல்லாம் வெளங்குச்சாம், அம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். கபீரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, கம்பியை விட்டுவிட்டு, காவலனுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

வெளியே படிக்கட்டில் பரமசிவம் பிள்ளை நின்றிருந்தார். கபீருக்காகத்தான் காத்திருந்தார் போலும். இருவரும் ட்ராம் நிற்கும் இடம்வரை நடந்தார்கள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், பிள்ள" என்றார் கபீர்.

"சொல்லுக்கு அர்த்தம் கேட்டாங்க, மரைக்காயரே. சொன்னேன். அழுகைக்கு அர்த்தம் யாரும் கேக்கல."

"கேக்காட்டி என்ன?"

பிள்ளை நின்றார். "போன மாசம் ஒருத்தன் 'உன்னக் கொல்லாம விடமாட்டேன்'னு சொல்லிட்டு நெசமாவே வெட்டிட்டான். அதயும் நம்ம ஆளுங்க தெனமும் சொல்றதுதான், சும்மா வாய்ப்பேச்சுன்னு நான் சொல்லியிருக்கணுமா? எது நெசம், எது பேச்சுன்னு நானே பிரிக்க ஆரம்பிச்சா, அப்புறம் அங்க எதுக்கு ஒரு ஜட்ஜு, ஏழு ஜூரி?" தலைப்பாகையை எடுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எழுந்து நிப்பீங்கன்னு நெனச்சேன். கண்மணி சொன்னப்ப. ஒங்க தல நிமிந்தத நானும் பாத்தேன். நீங்க அங்கயே கேட்டிருந்தா கண்மணிகிட்டயே கேட்டிருப்பாங்க, 'நெசமாச் சொன்னாளா, அழுதாளா'ன்னு. அவ சொல்லியிருப்பா. அது சாட்சியத்துல ஏறியிருக்கும்."

ட்ராம் வந்தது. பிள்ளை ஏறவில்லை, நடந்தே வருவதாகச் சொல்லிவிட்டார். சிராங்கூன் ரோட்டில் எருமைகள் குறுக்கே வந்து வண்டியை இரண்டு இடத்தில் நிறுத்தின. கண்டக்டர் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். கபீர் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஓர் அங்குலம். இன்னும் ஒரு சாண் எழும்பியிருந்தால் போதும்.

வீடு டன்லப் தெருவுக்குப் பின்னால். மைமூனுக்குப் பிறகு குழந்தை தங்கவில்லை, புருஷனும் பெஞ்சாதியும் மட்டும்தான். வழியில் பள்ளிவாசலில் அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்தபோது கிணற்றடியில் ரபியா கட்டில் விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நீலக் கோடு போட்ட கனமான விரிப்பு. அவரைப் பார்த்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னாங்க, மொகமே சரியில்ல. அந்தப் பொம்பளயத் தூக்குல போடச் சொல்லிட்டாங்களா?"

"இல்ல. பத்து வருஷம்."

"அல்லா காப்பாத்துனான்." கொஞ்சம் யோசித்து, "அவ குடுத்தாளா, இல்லியா?" என்றாள்.

"குடுத்தா. எதுக்குக் குடுத்தான்னுதான் தெரியல." கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். கண்மணி சொன்னது, பிள்ளை மொழிபெயர்த்தது, நீதிபதி விளக்கியது. ஓர் இடத்தில் வந்து நின்றார். சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று பார்த்தார். அவள் முகம் விடவில்லை. "மைமூன் மவுத்தானப்ப நீ அழுதத அங்க சொன்னேன்" என்றார்.

ரபியா விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "வெள்ளக்காரங்க முன்னாடியா?"

"ஆமா."

"என்ன சொல்லி அழுதேன்னுமா?"

அவர் தலையாட்டினார். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் விரிப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள், பாதியில் கனம் தாங்காமல் மறுபடி போட்டாள். "அதுக்கு அவங்க என்ன கேட்டாங்க?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் கபீர்.

ரபியா அவரைப் பார்த்தாள். கோர்ட்டில் எத்தனையோ பேர் பார்த்தும் அவருக்கு அவ்வளவு கூச்சமாக இருந்ததில்லை. அவள் குனிந்து விரிப்பின் ஒரு முனையை எடுத்து நீட்டினாள். அவர் கோட்டைக் கழற்றிச் சுவரில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாங்கினார். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றாள். இருவரும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்க ஆரம்பித்தார்கள். விரிப்பு கயிறு போல இறுகியது. நடுவிலிருந்து தண்ணீர் கொட்டித் தரையில் ஓடியது.

"அன்னிக்கு நீங்க ஆபீசுக்குப் போனதும்" என்றாள் ரபியா.

அவர் முறுக்குவதை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க. இன்னும் தண்ணி இருக்கு."

அவர் மறுபடி முறுக்கினார். அவள் அந்தப் பக்கம் முறுக்கினாள். கொட்டிய தண்ணீர் கம்பியாக மெலிந்தது, பிறகு சொட்டாயிற்று. விரிப்பு இனி இறுக இடமில்லாமல் இருவர் கையிலும் அதிர்ந்துகொண்டிருந்தது. யாரும் முனையை விடவில்லை.